உறவு எங்கே முறிகிறது? கோலாலம்பூரில் கூடிய பேராயர்களின் கதை

(லுக்குட் வட்டாரத் தோட்ட மக்கள் கலந்துகொண்ட தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மவர்களின் சங்கமோ கோயில் நிர்வாகமோ இரண்டாக உடைந்த கதையைக் கேள்விப்படாதவர் இந்த அரங்கில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஒரு தலைவர், அவருக்கு எதிராக இன்னொரு தலைவர். ஒரே திருவிழாவுக்கு இரண்டு அழைப்பிதழ்கள். இரண்டு பந்தலுக்கும் நடுவில் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் சாதாரண உறுப்பினர்கள். இன்று நான் பேசவிருப்பதும் அப்படியொரு பிளவைப் பற்றித்தான். ஆனால் இது உலகம் முழுவதும் பரவிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் பிளவு. அந்தப் பிளவின் முக்கியமான ஓர் அத்தியாயம் இலண்டனிலோ நியூயார்க்கிலோ எழுதப்படவில்லை. 1997 பிப்ரவரியில், நம் கோலாலம்பூரில் எழுதப்பட்டது.

ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் ஆங்கிலிக்கன் பேராயர்களும் பிரதிநிதிகளும் அங்கே கூடினார்கள். வேதாகமத்துக்குச் சபையில் என்ன இடம் என்பதே முதன்மைப் பேச்சு. கூட்டம் முடிந்தபோது வெளிவந்த கோலாலம்பூர் அறிக்கை, திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என்றது. மேற்கு நாடுகளில் சில சபைகள் ஒருபாலுறவில் வாழ்பவர்களைக் குருமாராக நியமிப்பதும், அத்தகைய இணைகளை ஆசீர்வதிப்பதும் கவலை தருவதாகச் சொன்னது. ஒரு மாகாணம் எடுக்கும் முடிவு எல்லோரையும் பாதிப்பதால், ஒருவருக்கொருவர் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் வலியுறுத்தியது.

இதில் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி வேறு. கொள்கையில் உறுதியாக நிற்கும் ஒருவர், தன்னைப் போன்றவர்களின் துணையைத் தேடுவது இயல்பு. அப்படித் தேடிப் பெற்ற உறவு எதுவரை நிற்கிறது? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? வரலாறு இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

துரைக்கும் கூலிக்கும் ஒரே சபை

ஆங்கிலிக்கன் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையின் வழி வந்தது. பிரிட்டிஷ் கொடி போன இடமெல்லாம் அந்தச் சபையும் போனது. பினாங்கில் 1818-இல் செயிண்ட் ஜார்ஜ் ஆலயம் எழும்பியது. டச்சுக்காரர்கள் 1753-இல் கட்டி முடித்த மலாக்கா கிறைஸ்ட் சர்ச், பின்னர் ஆங்கிலிக்கன் ஆலயமானது. கோலாலம்பூரில் செயிண்ட் மேரி, சிரம்பானில் செயிண்ட் மார்க் என்று பட்டியல் நீளும்.

இந்த லுக்குட் மண்ணின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ராஜா ஜுமாட் காலத்து ஈயம், 1847-இல் எழுந்த கோட்டை, பிறகு நெகிரி செம்பிலானுக்குக் கைமாறிய நிலம், அதன்பின் ரப்பர். சுற்றியுள்ள தோட்டங்களுக்கு வந்த நம் மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். சிறு பகுதியினர் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூதரன், ஆங்கிலிக்கன் என்று பல பிரிவினர். துரைக்கும் ஆங்கிலிக்கன் சபைதான், பால்மரம் சீவியவருக்கும் அதே சபைதான். ஆனால் மொழி வேறு, ஆராதனை நேரம் வேறு. ஒரே ஐக்கியம் என்று சொல்லிக்கொண்டு தனித்தனியே உட்கார்ந்த அந்த நாட்களையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐக்கியம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் அது வெறும் ஒற்றுமை அல்ல. ஒரே மேசையில் திருவிருந்து எடுப்பது, ஒருவர் சபைக் குருவை மற்றவர் தம் குருவாக ஏற்பது, இரண்டும் அதில் அடங்கும். ஐக்கியம் முறிந்தது என்றால் அந்த மேசை பிரிந்துவிட்டது என்று பொருள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சபை மெல்ல உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்தது. 1970-இல் சிங்கப்பூரிலிருந்து பிரிந்து மேற்கு மலேசியத் திருமண்டலம் தனியாக உருவானது. திருமண்டலம் என்றால் ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி. 1973 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் பேராயராக இருந்தவர் ஜே.ஜி. சவரிமுத்து. 1996 பிப்ரவரியில் மேற்கு மலேசியா, சிங்கப்பூர், கூச்சிங், சபா ஆகிய நான்கு திருமண்டலங்களும் சேர்ந்து தென்கிழக்காசிய மாகாணம் ஆயின. முதல் தலைமைப் பேராயர் சிங்கப்பூரின் மோசஸ் டே. அதாவது கோலாலம்பூர் மாநாடு நடந்தபோது இந்த மாகாணத்துக்கு வயது ஒன்றுதான்.

பழைய வழக்கு, பழைய வேண்டுகோள்

கொள்கைப் பிடிப்புள்ள பேராயர்கள் துணை தேடுவது 1997-இல் தொடங்கிய புதுப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலிக்கன் பேராயர்களின் உலகக் கூட்டமான லாம்பெத் மாநாடே அப்படித்தான் பிறந்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஜான் வில்லியம் கொலென்சோ என்றொரு பேராயர் இருந்தார். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில் வரும் கணக்குகளையும் சம்பவங்களையும் அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது என்று எழுதினார். பல மனைவியரைக் கொண்ட சூலு ஆண்கள் ஞானஸ்நானம் பெற வந்தால், மனைவியரைத் துரத்திவிடச் சொல்லக் கூடாது என்றும் வாதாடினார். கேப் டவுனின் பேராயர் ராபர்ட் கிரே 1863-இல் அவரைப் பதவி நீக்கினார். இலண்டன் பிரிவி கவுன்சிலோ அந்த நீக்கம் செல்லாது என்றது.

இந்தக் குழப்பத்தைப் பார்த்துக் கலங்கிய கனடாப் பேராயர்கள், எல்லோரும் ஒன்றுகூடிப் பேச வேண்டும் என்று 1865-இல் வேண்டுகோள் அனுப்பினார்கள். அதன் விளைவே 1867-இல் 76 பேராயர்கள் கூடிய முதல் லாம்பெத் மாநாடு. ஆனால் வழக்கு அங்கே தீரவில்லை. நேட்டாலில் 1869-இல் இன்னொரு பேராயர் வைக்கப்பட்டார். ஒரு ஊர், இரண்டு பேராயர்கள்! நம் சங்கக் கதையை நான் ஏன் முதலில் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தமிழன் வெளியே நின்ற காலம்

இரண்டு பேராயர்கள் என்றதும் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல். 1877-இல் கால்டுவெல்லும் சார்ஜெண்டும் ஒரே நேரத்தில் திருநெல்வேலிப் பகுதிக்குத் துணைப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். ஒரே மாவட்டத்துக்கு எதற்கு இருவர்? அங்கே வேலை செய்த மிஷன் சங்கங்கள் இரண்டு. சி.எம்.எஸ். ஒரு வழி, எஸ்.பி.ஜி. இன்னொரு வழி. இரண்டுமே ஆங்கிலிக்கன் சங்கங்கள்தான். இங்கிலாந்தில் இருந்த கருத்து வேற்றுமை, பனங்காட்டுக் கிராமத்தில் சபைக் கோடாக விழுந்துவிட்டது.

இந்தக் கோடுகளை அழிக்க வேண்டும் என்று எழுந்தவர்களில் முதன்மையானவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912-இல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்ற அவர்தான் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற அனைவரும் இந்தியர்கள். தாங்கள் உண்டாக்காத பிளவுகளைத் தாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பேச்சு 28 ஆண்டுகள் நடந்தது. அசரியா 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தார். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

உலகமே கைதட்டியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. இங்கிலாந்தின் பழமைப் பற்றுள்ள ஆங்கிலிக்கன்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேராயரின் கை வைக்கப்படாமல் குருவானவர்களை, மறு நியமனம் இல்லாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்களே, அது எப்படிச் சரி என்பது அவர்கள் வாதம். கவிஞர் டி.எஸ். எலியட்கூட 1943-இலேயே இந்த இணைப்புத் திட்டத்தை எதிர்த்துத் தனிப் பிரசுரம் எழுதினார். எஸ்.பி.ஜி. சங்கம், இணைந்த சபைகளுக்குத் தன் பொது நிதியிலிருந்து பணம் தருவதை நிறுத்தியது. ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆங்கிலிக்கன்கள் இணைய மறுத்துப் பழைய சபையிலேயே நின்றார்கள். 1948 லாம்பெத் மாநாடு புதிய திருச்சபைக்கு முழு ஐக்கியம் தரவில்லை.

இதை நம் தோட்டத்து மனிதர் ஒருவர் இடத்திலிருந்து பாருங்கள். நாசரேத்திலிருந்து மலாயாவுக்கு வந்து தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு, 1947 வரை ஊர்ச் சபையும் இந்த நாட்டுச் சபையும் ஒன்றுதான். அந்த ஆண்டுக்குப் பிறகு ஊர்ச் சபை வேறு, இங்குள்ள சபை வேறு. நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் முறையில் குருவான ஒருவர், ஊரில் திருவிருந்து கொடுக்கலாம். இங்குள்ள ஆங்கிலிக்கன் பீடத்தில் அவர் கொடுக்க விதி இடம் தராது. எந்தப் பாவமும் செய்யாமல், அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து வாழ முடிவெடுத்த காரணத்துக்காகவே தமிழன் வெளியே நிறுத்தப்பட்டான். தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களை லாம்பெத் மாநாடு முழு உறுப்பினர்களாக வரவேற்றது 1988-இல்தான். இடையில் ஓடியது 41 ஆண்டுகள்.

வாசல் மாறியது

இப்போது மீண்டும் 1997-க்கு வருவோம். ஐம்பது ஆண்டுகளில் எவ்வளவு மாற்றம்! 1947-இல் தெற்கிலிருப்பவர்களின் புதுமையைச் சகிக்க முடியாமல் இங்கிலாந்தில் ஒரு பகுதியினர் ஐக்கியத்தை மறுத்தார்கள். 1997-இல் மேற்கின் புதுமையைச் சகிக்க முடியாமல் தெற்கு எழுந்து நின்றது. எங்கள் பாட்டன்மாருக்கு இந்த வேதாகமத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நீங்கள்தானே, இன்று அதையே வேறு மாதிரி வாசிக்கச் சொல்கிறீர்களே என்பதே அவர்கள் ஆதங்கம். மாற்றுச் சமயத்தவர் நடுவில் சிறுபான்மையாக வாழும் எங்களுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று நினைத்தீர்களா என்றும் கேட்டார்கள். நியாயமாகக் கேட்க வேண்டிய குரல்தான் அது. எண்ணிக்கையில் பெரும்பான்மையாகிவிட்ட ஆப்பிரிக்க, ஆசியச் சபைகளின் சொல் அதுவரை போதிய எடை பெறவில்லை என்பதும் உண்மை.

கோலாலம்பூர் அறிக்கையைத் தென்கிழக்காசிய மாகாணம் முறைப்படி ஏற்றுக்கொண்டது. அந்தக் கொள்கைகளை ஏற்பவர்களோடுதான் ஐக்கியம் என்றும் அறிவித்தது. மறு ஆண்டு, 1998 லாம்பெத் மாநாட்டில் இதே கருத்து தீர்மானமாக வந்தது. ஆதரவு 526, எதிர்ப்பு 70, நடுநிலை 45. தெற்கின் வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அதே தீர்மானத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஒருபாலுறவு நாட்டம் உள்ளவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம், அவர்கள் மீதான காரணமற்ற அச்சத்தைக் கண்டிக்கிறோம் என்றும் அந்தப் பேராயர்கள் உறுதி சொன்னார்கள். பின்னர் நடந்த சண்டையில் ஒரு தரப்பு முதல் பாதியையும் மறு தரப்பு இரண்டாம் பாதியையும் தூக்கிப் பிடித்தன. முழுத் தீர்மானத்தையும் கையில் வைத்திருந்தவர்கள் குறைவு.

2000 ஜனவரி 29-ஆம் நாள் சிங்கப்பூரில் இன்னொரு படி தாண்டப்பட்டது. மோசஸ் டேயும் ருவாண்டாவின் தலைமைப் பேராயர் இம்மானுவேல் கொலினியும் சேர்ந்து, சக் மர்ஃபி, ஜான் ராஜர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் குருமாரைப் பேராயர்களாக அபிஷேகம் செய்தார்கள். அமெரிக்காவில் தனித்து விடப்பட்டதாக உணர்ந்த பழமைப் பற்றாளர்களுக்கு மேய்ப்பர்கள் வேண்டும் என்பது காரணம். அப்போதைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜார்ஜ் கேரி இந்த அபிஷேகத்தை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் மறு ஆண்டு அமெரிக்காவின் டென்வரில் மேலும் நால்வர் அபிஷேகம் பெற்றார்கள். இம்முறை கொலினியோடு நின்றவர் சபாவைச் சேர்ந்த தலைமைப் பேராயர் யோங் பிங் சுங். ஒரு காலத்தில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் நமக்கு மிஷனரி அனுப்பின. இப்போது சிங்கப்பூரும் சபாவும் அமெரிக்காவுக்குப் பேராயர்களைத் தந்தன. ஒரே நாட்டில் இரண்டு பேராயர் வரிசைகள். நேட்டாலில் 1869-இல் பார்த்த அதே காட்சி!

2003 நவம்பரில், ஓர் ஆணுடன் இணைந்து வாழ்ந்த ஜீன் ராபின்சன் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பேராயராக அபிஷேகம் பெற்றதும், பிளவு வெளிப்படையாகிவிட்டது. தென்கிழக்காசியா உட்படப் பல மாகாணங்கள் அமெரிக்கச் சபையுடன் உறவை முறித்துக்கொண்டன. 2008 ஜூனில் எருசலேமில் கேஃப்கான் என்ற மாநாடு கூடியது. 291 பேராயர்கள் உட்பட 1,148 பேர் வந்தார்கள். அதே ஆண்டு நடந்த லாம்பெத் மாநாட்டுக்கு அவர்களில் பெரும்பாலோர் போகவில்லை.

விலை கொடுத்தவர்கள்

மேலே இருப்பவர்கள் அறிக்கை எழுதுகிறார்கள். கீழே என்ன ஆகிறது? அமெரிக்காவின் விர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்று ஒரு பழைய ஆலயம். அதன் உறுப்பினர்கள் 2006-இல் பெரும்பான்மை வாக்கால் அமெரிக்கச் சபையை விட்டு வெளியேறினார்கள். ஆலயம் யாருக்கு என்று வழக்கு வந்தது. 2013-இல் விர்ஜீனியா உச்ச நீதிமன்றம், சொத்து திருமண்டலத்துக்கே சொந்தம் என்று முடித்தது. தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற, தங்கள் பெற்றோரை அடக்கம் செய்த இடத்தை விட்டு அந்த மக்கள் வெளியேறினார்கள். கொள்கைக்காக அவர்கள் கொடுத்த விலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தோட்டம் கைமாறியபோது கோயிலையும் லயத்தையும் இழந்தவர்களுக்கு அந்த வலியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருபாலுறவு நாட்டத்தோடு பிறந்து, அதே ஆலயத்தில் வளர்ந்து, தங்களைப் பற்றியே உலகம் முழுவதும் சண்டை நடப்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள். கோலாலம்பூரிலும் சரி, எருசலேமிலும் சரி, அவர்களைப் பற்றிப் பேசப்பட்டது. அவர்களோடு பேசியது குறைவு.

சரி, ஒரே கருத்துள்ளவர்கள் சேர்ந்த புதிய உறவாவது உடையாமல் நின்றதா? சிங்கப்பூரில் அபிஷேகம் பெற்ற சக் மர்ஃபியின் அமைப்பும், அதற்குத் துணை நின்ற ருவாண்டா சபையும் 2011 டிசம்பரில் பிரிந்தன. அதிகாரம் யாரிடம் என்பதில் தகராறு. பெண்கள் பேராயராகலாமா என்பதிலும் இந்த அணிக்குள் ஒரே கருத்து இல்லை. தென் சூடானிலும் கென்யாவிலும் பெண்கள் பேராயர்களாகியிருக்கிறார்கள்; நைஜீரியாவில் பெண்கள் குருமாராகவே முடியாது. கேஃப்கான் ஒரு பக்கம் வளர, கோலாலம்பூர் கூட்டத்தின் வழி வந்த உலகத் தென்பகுதி ஐக்கியம் 2019-இல் கெய்ரோவில் தனக்கென்று தனி உடன்படிக்கை செய்துகொண்டது.

2023 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை, ஒருபால் இணைகளுக்காக ஜெபிக்க வழி செய்தது. உடனே இந்தத் தென்பகுதி ஐக்கியம், கேன்டர்பரி தலைமைப் பேராயரை இனித் தங்கள் தலைவராக ஏற்பதில்லை என்றது. ஆனால் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தை விட்டு வெளியேறவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. 2025 அக்டோபர் 3-இல் சாரா மலாலி கேன்டர்பரியின் முதல் பெண் தலைமைப் பேராயராக அறிவிக்கப்பட்டார். இரண்டு வாரம் ஆவதற்குள் கேஃப்கான், கேன்டர்பரியை மையமாகக் கொள்ளாத ஓர் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தை அறிவித்தது. பெயர் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்!

வரலாறு சொல்வது

எதை எதிர்க்கிறோம் என்பதில் ஒன்றுபட்டவர்கள் சீக்கிரம் சேர்ந்துவிடுகிறார்கள். எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதில் அவர்கள் மீண்டும் தடுமாறுகிறார்கள். எதிர்ப்பு ஒரு கூட்டத்தைக் கூட்டிவிடும். குடும்பம் நடத்தும் வேலையை அது செய்து தராது. தரங்கம்பாடியில் கூடிய 33 பேர் முப்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசி ஒரு திருச்சபையைக் கட்டினார்கள். அதில் எல்லோரும் எதையோ விட்டுக்கொடுத்தார்கள். பிறகு வந்த தகராறுகள் அங்கேயும் உண்டு, நீதிமன்றப் படிகளும் உண்டு. ஆனாலும் அந்த வீடு நிற்கிறது.

மனச்சாட்சி இடம் தராத ஒன்றைச் செய்யச் சொல்லி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. கோலாலம்பூரில் கூடியவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. மறுத்துப் பேசுவது வேறு, மேசையைப் பிரிப்பது வேறு. 1947-இல் நம் குருமாரை ஏற்க மறுத்தவர்களும் மனச்சாட்சியின் பெயரால்தான் மறுத்தார்கள். அவர்கள் நேர்மையானவர்கள், படித்தவர்கள், பக்தியுள்ளவர்கள். அந்த மறுப்பு நீங்க 41 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்தக் குருமாரில் பெரும்பாலோர் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

நம் சங்கத்திலோ கோயிலிலோ சபையிலோ நாளை ஒரு தகராறு வரும்போது, எதிர்த் தரப்பை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் முன், அது மறுபடி திறக்க எத்தனை ஆண்டு ஆகும், அப்போது வாசலில் நிற்க யார் உயிரோடு இருப்பார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.